உஷார்! மஞ்சள் விளக்கை அழித்துவிட்டு மந்தின் மலை ஏறாதீர்கள்

அக்கா, தங்கச்சி, அண்ணே, தம்பி, கார் ஓட்டுகிற எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் காரில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? எத்தனை நாளாக எரிகிறது? "அது எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும், கார் நல்லாத்தான் ஓடுது" என்கிறீர்களா?

அவரும் அப்படித்தான் சொன்னார்.

பெயர் வேண்டாம். மந்தின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு அம்மா. லயத்து வீடு காலியானதும் தாமானுக்குக் குடிவந்த குடும்பம். செனவாங் தொழிற்பேட்டையில் மாலை ஷிப்ட் வேலை, முடிய இரவு பதினொன்று ஆகும். வேறொருவர் ஓட்டிய பழைய காரை வாங்கி, கூட வேலை செய்யும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் காசைப் பங்குபோட்டு வந்து போய்க்கொண்டிருந்தார். டோல் காசு மிச்சமாகும் என்று லேக்காஸ் நெடுஞ்சாலையைத் தொடுவதில்லை. பழைய ரோடுதான். சிரம்பானிலிருந்து மந்தின், செமினி வழியாகக் கோலாலம்பூர் போகிற முதலாம் எண் கூட்டரசுச் சாலை. சிரம்பானைத் தாண்டினால் அது மலை ஏறும். வளைந்து வளைந்து ஏறும். இரவில் அந்த ஏற்றம் எப்படி இருக்கும் என்று மந்தின்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது அக்டோபர் மாதம். நம் பக்கத்தில் பின்மாலை மழை கொட்டுகிற காலம். அன்றைக்கு இரவு வரை விடவில்லை. ஏர்கோன் ஓடுகிறது, வைப்பர் அடிக்கிறது, பின் சீட்டில் ஒருத்தி தூங்குகிறாள். பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு. கார் ஒரு குலுக்கு குலுக்கியது. அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது.

டேஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பயத்தில் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தார். நாலாவது மிதிக்குப் பெடல் பலகை மாதிரி இறுகிவிட்டது. கார் பின்னால் உருளத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவள்தான் சட்டென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பின்னாலிருந்து லோரி வெளிச்சம், காதைப் பிளக்கிற ஹாரன். ஒரு காற்று அடித்தது. கார் ஆடியது. லோரி போய்விட்டது.

வலது பக்கக் கண்ணாடியும் அதோடு போய்விட்டது.

மூன்று பேர் உயிரும் ஒரு முழ இடைவெளியில் தப்பியது. இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் கார் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. வீடு வரைக்கும் வந்தது. மறுநாள் அதே காரில் வேலைக்குப் போனார்!

இதுதான் இந்தக் கோளாறின் வேஷம். சூட்டில் செத்துப்போகும். ஆறினால் உயிர் வரும். "ஏதோ ஈரம் பட்டிருக்கும்" என்று நம்மையே நாம் சமாதானப்படுத்திக்கொள்ள வைக்கும். ஏமாறாதீர்கள்.

குற்றவாளி ஒரு சின்னச் சாமான். கட்டைவிரல் நீளம். பெயர் கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார். பட்டறையில் 'கேம் சென்சார்' என்பார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். விடியற்காலைப் பெரட்டு ஞாபகம் இருக்கிறதா? மண்டோர் ஆள் கணக்கைச் சொல்வார். கிராணி அதைக் கேட்டு, இன்னாருக்கு இந்த நிரை என்று எழுதுவார். மண்டோர் வாய் திறக்கவில்லை என்றால் கிராணி என்ன செய்வார்? காரிலும் அப்படி ஒரு கிராணி உண்டு. எஞ்சினைக் கட்டி மேய்க்கும் கம்ப்யூட்டர் அது. எந்த சிலிண்டருக்கு எப்போது பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது தீப்பொறி கொடுக்க வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. அதற்குக் கணக்குச் சொல்ல இரண்டு மண்டோர்கள். ஒருவர் கீழே கிராங்க் ஷாஃப்ட் பக்கத்தில். இன்னொருவர் மேலே கேம் ஷாஃப்ட் பக்கத்தில்.

ஏன் இரண்டு பேர்? ஒரு சிலிண்டர் ஒரு தடவை வெடிக்க, கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். கேம் ஒரே சுற்றுதான். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று கீழே இருப்பவர் சொல்லுவார். ஆனால் அது பெட்ரோலை அழுத்திக்கொண்டு வந்த உச்சியா, புகையைத் தள்ளிக்கொண்டு வந்த உச்சியா என்று அவருக்குத் தெரியாது. மேலே இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் வாயடைத்துப் போனால் கம்ப்யூட்டர் குருட்டுக் கணக்குப் போடும். சில கார்கள் கிராங்க் கணக்கை வைத்துக்கொண்டு எப்படியோ ஓடும், ஆனால் நிறுத்தினால் மறுபடி லேசில் ஸ்டார்ட் ஆகாது. சில கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். உங்கள் கார் எந்த ரகம் என்று மந்தின் மலையில் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்!

கார் நடுவழியில் நின்றால் என்ன, இழுத்துக்கொண்டு போனால் போச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்களில் சாவி போடுகிற ஸ்விட்ச் ஒன்று தளர்வாக இருந்தது. மலிவான சாமான். ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் அணைந்தது, ஏர்பேக்கும் விரியாமல் போனது. 2014-இல் விஷயம் வெடித்து, கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. அது வேறு கோளாறுதான், சென்சார் இல்லை. ஆனால் ஓடுகிற கார் திடீரென்று அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்ணே போதும். சென்சாரையும் சும்மா நினைக்காதீர்கள். எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சாரில் குறை என்று 2003-இல் நிசான் உலகம் முழுவதும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது.

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். லோரி உரசியது கதையின் நடுப்பாகம்தான். தொடக்கம் அதற்கு இரண்டு மாதம் முன்னால்.

முதலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினார். அந்தப் போமென் ஸ்கேனரைச் சொருகினார், ஏதோ பார்த்தார், ஒரு பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது. "சரியாச்சு அக்கா." இருபது வெள்ளி.

சரியாகவில்லை. அழித்தார், அவ்வளவுதான்!

இதை நான் கத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணை, அதாவது கோட்டை, அழிப்பது வைத்தியம் இல்லை. காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை உதறிவிட்டு "காய்ச்சல் இறங்கிடுச்சு" என்று சொல்வது மாதிரி. அது மட்டுமா? கோளாறு வந்த அந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம் என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். கோட் அழித்தால் அந்தப் படமும் அழிந்துவிடும். அடுத்துப் பார்க்கிற மெக்கானிக்குக் கையில் சாட்சியே இருக்காது.

ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. இரண்டாவது பட்டறை. "பெட்ரோல் பம்ப் போச்சு." மாற்றினார். 350 வெள்ளி. அடங்கவில்லை. "அப்போ பேட்டரிதான்." இன்னொரு 240. அடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மழை இரவு.

மூன்றாவதாக ஒரு தம்பி. வயது முப்பதுகூட இருக்காது. போனட்டைத் திறந்தவர் முதலில் ஒன்றையும் கழற்றவில்லை. "அக்கா, எப்ப நிக்குது? சூட்டிலயா, காலையிலயா?" என்று கேட்டார். பத்து நிமிடம் கேள்விதான். பிறகு சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கி, விளக்கைப் பிடித்துக் காட்டினார். உள்ளே எஞ்சின் ஆயில் ததும்பி நின்றது. மேல் மூடியின் சீல் காய்ந்து, ஆயில் கசிந்து, சென்சாருக்குள் இறங்கியிருக்கிறது. "இதுக்கு முன்னாடி யாருமே இதைக் கழட்டிப் பாக்கலியா?" என்றார். சென்சார், சீல், கூலி எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. முதலிலேயே பார்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். 590 வெள்ளி தண்ணீரில் போனது பெரிதில்லை. அந்த லோரி...

விடுங்கள். நினைத்தால் எனக்கே கை நடுங்குகிறது.

இனி, உங்கள் காரைப் பற்றிப் பேசுவோம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உஷாராகுங்கள்.

சாவியைத் திருப்பியதும் 'கிர்ர் கிர்ர்' என்று வழக்கத்தைவிட நெடுநேரம் சுற்றிவிட்டுத்தான் எஞ்சின் பிடிக்கிறதா? பேட்டரி நன்றாக இருந்தும் அப்படியென்றால், முதல் சந்தேகம் இந்தச் சென்சார்கள் மேல்தான் வர வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, உடனே எடுத்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? கொஞ்சம் ஆறினால் எடுக்கிறதா? இது மிக முக்கியமான அடையாளம். இரண்டு தடவை நடந்துவிட்டால் மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள்.

ஏற்றத்தில் மிதித்தும் இழுவை இல்லையா? ஒரு வேகத்துக்கு மேல் கார் போக மாட்டேன் என்கிறதா? சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறுகிறதா? பெட்ரோல் திடீரென்று அதிகம் குடிக்கிறதா?

மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்று அணைந்து அணைந்து எரிகிறதா? அப்படியானால் ஓட்டவே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நெருப்பாகச் சுட வைக்கும். அந்தச் சூட்டோடு காய்ந்த லாலான் புல் மேல் காரை நிறுத்தினால் புல் பற்றிக்கொள்ளும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது, எஞ்சின் ஓடுவதற்கு முன்னால், அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போது எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்! யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பழைய கார் விற்கிறவர்களில் சிலர் செய்கிற வேலை அது. நம் நாட்டில் சொந்தக் காருக்கு வருடா வருடம் கட்டாயச் சோதனை கிடையாது. வாங்குகிற அன்றைக்கு நீங்கள் பார்த்தால்தான் உண்டு.

நம் பக்கத்துக் கார்களுக்கு வருகிற இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். எலி. செம்பனைத் தோட்டத்தில் எலித்தொல்லைக்காக ஆந்தைக் கூடு கட்டிக் கம்பத்தில் தூக்கி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆந்தைக்குத் தப்பிய எலி எங்கே போகும்? இரவில் கதகதப்பாக இருக்கும் உங்கள் போனட்டுக்குள். வயரைக் கடித்து வைக்கும். சென்சார் புத்தம் புதிதாக இருந்தாலும் வயர் அறுந்தால் அது ஊமைதான். மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வயர் உறை தேய்ந்து உடம்பில் உரசுவதும் உண்டு. காரைக் கழுவுகிறேன் என்று போனட்டைத் திறந்து பிரஷர் தண்ணீரைப் பீய்ச்சுவதும் அதே பாவம்தான். கனெக்டருக்குள் நீர் புகுந்து பச்சை பூத்துவிடும். வண்டி வாங்கிய அன்றைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம், ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள். எலுமிச்சம்பழம் டயரைத் தாண்டி மேலே ஏறி வராது!

பட்டறைக்குப் போனால் என்ன செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்? வெட்கப்படாமல் கேளுங்கள். காசு உங்களுடையது.

முதலில் ஸ்கேனர். கோட் எண்ணைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு முன்னால். பி0340 என்று வந்தால் கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. பி0341 என்றால் சமிக்ஞை வருகிறது, ஆனால் முறையாக இல்லை. பி0344 என்றால் விட்டு விட்டு வருகிறது. பி0335 என்றால் இது வேறு ஆள், கீழே இருக்கிற கிராங்க் சென்சார். அதற்கும் இதே அறிகுறிகள்தான், இன்னும் மோசமாகவே இருக்கும். பி0016 என்று வந்தால் இன்னும் உஷார்! கேமும் கிராங்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம். அங்கே சென்சாரை மாற்றினால் காசுதான் கரியாகும். செயினைப் பார்க்காமல் விட்டால் எஞ்சினே போய்விடும். எஞ்சின் ஆயிலை மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கு வருகிற வினை அது.

கோட் வந்த உடனே "சென்சாரை மாத்திடலாம்" என்று சொல்கிற ஆளிடம் ஜாக்கிரதை. கோட் தெருவைத்தான் காட்டும், வீட்டு நம்பரைக் காட்டாது. அந்தத் தெருவில் சென்சார் இருக்கிறது, வயர் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரி. நின்றிருக்கும்போது 12.4-லிருந்து 12.6 வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரி பலம் இல்லாவிட்டால் சென்சார்கள் எல்லாம் உளறும். அடுத்தது, கனெக்டரைப் பிடுங்கி உள்ளே பார்ப்பது. ஆயிலா, தண்ணீரா, பச்சையா? காசு செலவில்லாத சோதனை. அந்த 590 வெள்ளியையும் மிச்சப்படுத்தியிருக்கக்கூடியது இதுதான். அப்புறம் எஞ்சினை ஓட விட்டு, வயர்க் கட்டை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசைக்கும்போது எஞ்சின் திக்கினால் திருடன் வயருக்குள் இருக்கிறான்.

மூன்று வயர் உள்ள சென்சார் என்றால் ஒன்று மின்சாரம் வருவது, ஒன்று எர்த், மூன்றாவது சமிக்ஞை. மீட்டர் வைத்தால், காரைப் பொறுத்து, ஐந்தோ பன்னிரண்டோ வோல்ட் வர வேண்டும். எஞ்சினைச் சுற்றினால் சமிக்ஞை வயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். மின்சாரம் வருகிறது, எர்த் சரி, ஆனால் சமிக்ஞை அசையவில்லை என்றால்தான் சென்சாரின் மேல் பழி போடலாம். இரண்டு வயர் என்றால் அது காந்த ரகம், ஓம் அளவை அந்தக் காரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். சூட்டில் மட்டும் சாகிற சென்சாரை ஆறிய எஞ்சினில் சோதித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள். முடி காய வைக்கிற ட்ரையரால் அதைச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சில எஞ்சின்களில் ஒரே மாதிரி இரண்டு கேம் சென்சார் இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பி0340 வந்த காரில் இப்போது பி0365 வந்தால் கோளாறு சென்சாரோடு நகர்ந்துவிட்டது. குற்றம் ருசுவாகிவிட்டது. மாற்றியும் பி0340-தான் வருகிறது என்றால் சென்சார் அப்பாவி. வயரைத் தேடுங்கள்.

மாற்றுகிற வேலை சின்னதுதான். பெரும்பாலும் ஒரே ஒரு பத்து மில்லி போல்ட். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிடுங்கி, போல்ட்டை எடுத்து, மெல்லத் திருகி இழுத்தால் வரும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து எஞ்சினுக்குள் விழும். அப்புறம் அழ வேண்டியதுதான். பழையதை வெளியே எடுத்ததும் அதன் முனையைப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தால் எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது. புதியதின் ரப்பர் வளையத்தில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, நேராக உட்கார வைத்து, போல்ட்டைச் சின்ன ரெஞ்சால் இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் காது உடையும். கனெக்டர் 'டிக்' என்று பூட்ட வேண்டும். ஆயில் கசிந்த சீலையும் அன்றைக்கே மாற்ற வேண்டும். சென்சாரை மட்டும் மாற்றிவிட்டுச் சீலை விட்டால், சில மாதத்தில் அதே பட்டறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போதுதான் கோட்டை அழிக்கலாம். இப்போதுதான்! பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு தடவை ஸ்கேன் செய்து, ஒன்றும் திரும்பி வரவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கம்பெனிப் பெட்டி மாதிரியே பெட்டி போட்டுப் போலிச் சாமான் வருகிறது. பெட்டி அழகாக இருக்கும். உள்ளே இருப்பது எஞ்சின் சூட்டைத் தாங்காது. பத்து நாளில் பழைய கதைதான். இதில் இன்னொரு தலைவலி: புதுச் சாமான் போட்டும் சரியாகவில்லை என்றதும் மெக்கானிக் வேறு இடத்தில் தேடத் தொடங்குவார், செலவு மேல் செலவு. தெரிந்த கடையில், ரசீதோடு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும், கடவுள் காப்பாற்ற வேண்டும், ஓடும்போதே கார் நின்றுவிட்டால்?

பதற வேண்டாம். சாவியைப் பிடுங்க வேண்டாம்! பிடுங்கினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துத் திருப்புங்கள். பிரேக்கை அடித்து அடித்து மிதிக்காதீர்கள். எஞ்சின் நின்ற பிறகு பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். ஒரே மிதியாக, அழுத்திப் பிடியுங்கள். நாலு பக்க சிக்னலையும் போடுங்கள். ஓடுகிற வேகம் மிச்சம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். ஏற்றமென்றால் கார் பின்னால் உருளும். பிரேக்கை விடாமல் ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஆட்டோ கியர் கார் ஓடிக்கொண்டே இருந்தால், சாலை காலியாக இருந்தால் மட்டும், 'என்'-இல் போட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். பிடிக்கவில்லையா, ஒதுங்கிவிடுங்கள்.

நின்ற பிறகு காருக்குள் உட்காராதீர்கள். மழையானாலும் உட்காராதீர்கள். இடது கதவு வழியாக எல்லாரும் இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது சாவை வரவேற்பது. முக்கோணப் பலகை காரின் பின்பெட்டியில் இருக்கிறதா? இருந்தால், வருகிற வண்டிக்கு வளைவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் வைத்தால் யாருக்கும் தெரியாது. கூப்பிடாமலே வந்து நிற்கிற இழுவை லோரிக்காரர் கேட்கிற விலை உங்களுக்குத் தெரியுமா? உங்கள் காப்புறுதியிலேயே இழுவைச் சேவை இருக்கலாம். அந்த எண்ணை இன்றைக்கே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். ஆபத்தென்றால் 999.

அந்த அம்மா இப்போதும் செனவாங்குக்கு அதே காரில்தான் போய் வருகிறார். கண்ணாடி புதிது. சீல் புதிது. பிடுங்கிய பழைய சென்சாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையுறைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "பின்னாடி உக்கார்ற பிள்ளைங்க, மஞ்ச விளக்கு எரியுதே அக்கான்னு சொன்னா, 'அது ஒன்னுமில்ல'ன்னு என் வாய் சொல்லக் கூடாதுல்ல" என்றார்.

இன்று இரவு மலை ஏறப் போகிறவர்களே, சாவியைத் திருப்பி ஒரு நொடி பாருங்கள். எஞ்சின் ஓடிய பிறகும் அந்த விளக்கு எரிந்தால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பஸ்ஸோ, பக்கத்து வீட்டு மோட்டாரோ, ஒரு நாள் லீவோ போதும். நாளைக்குக் காலையில் பட்டறைக்குப் போய், "அழிக்காதீங்க தம்பி, முதல்ல கனெக்டரைக் கழட்டிப் பாருங்க" என்று சொல்லுங்கள்.